பாறைமேல் ஒரு பிடி மண்



கண்டி என்று சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பச்சை நிறந்தான். தேயிலை மலை, மகாவலிக் கரை, பேராதனைப் பூங்கா, வீட்டுக் கோடியில் நிற்கும் மிளகுக்கொடி, எங்கு பார்த்தாலும் ஈரமும் நிழலும். ஆனால் இந்த மாதம் நான் உங்களை அழைத்துச் செல்லப்போவது நிழலே இல்லாத ஓர் இடத்துக்கு. கண்டியிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனாலும் அங்கே போய் நின்றால் வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

சென்ற ஆடி மாதம் எங்கள் பகுதிப் பெண்கள் பதின்மூன்று பேர் சீட்டுக்காசில் மிச்சம் பிடித்து, ஒரு வான் அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். மாத்தளைக்குப் போய், அங்கிருந்து இறத்தோட்டை ஊடாக நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறினோம். றிவர்ஸ்டன் உச்சியில் வானை நிறுத்தியபோது காற்று சேலையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. அங்குள்ள மரங்கள் எல்லாம் குள்ளம். கிளைகளில் பாசி தொங்குகிறது. முகில் வந்து உரசிவிட்டுப் போகும் ஈரக்காடு அது. அங்கிருந்து சிறிது தூரம் கிழக்கே இறங்கியதும் காடு சட்டென்று முடிந்துவிட்டது. கண்முன்னே ஒரு வெட்டவெளி. இதன் பெயர் பிட்டவல பத்தனை.

பத்தனை என்ற சொல் மலையகத்தவருக்குப் புதிதல்ல. ஹட்டன் பக்கத்தில் அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. மலைநாட்டுப் புல்வெளியைத்தான் பத்தனை என்கிறோம். பிட்டவல பத்தனை பெரிய இடமல்ல. ஏறத்தாழ 10 ஹெக்டேயர், அதாவது சுமார் 25 ஏக்கர். ஒரு பெரிய பாறைத்தட்டு சரிந்து கிடக்கிறது. அதன்மேல் ஒட்டினாற்போலக் கட்டைப் புல். புல்லின் நடுவே கரும்பாறை தலைகாட்டுகிறது. நடந்துகொண்டே போனால் நிலம் திடீரென்று அறுந்து, கீழே பெரும் பள்ளத்தாக்கு. ‘சின்ன உலக முடிவு’ என்று அந்த விளிம்பைச் சொல்கிறார்கள்.

எங்களோடு ஒரு தங்கச்சி வந்திருந்தாள். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தங்கச்சி என்றே குறிப்பிடுகிறேன். அவளுடைய தாய் தகப்பன் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலில் எல்லாவற்றையும் இழந்து வவுனியாவுக்குப் போய், பிறகு வன்னியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். தங்கச்சி பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். 2009இல் கணவனைப் பறிகொடுத்தாள். முகாமிலிருந்து வெளியே வந்த பின்னர், இரண்டு குழந்தைகளோடு தாய்வழி உறவினரைத் தேடி மாத்தளைக்கே திரும்பி வந்தாள். அவள் குடும்பத்தின் ஒன்றரை ஏக்கர் காணி வன்னியில் இன்னும் கிடக்கிறது.

அவள் அந்தப் பாறைவெளியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “அக்கா, இது எங்கட காணி மாதிரித்தான் கிடக்கு. ஒண்டுமில்லாத தரிசு” என்றாள்.

உண்மையில் அது தரிசுதானா? அன்று நாங்கள் பார்த்தவற்றையும் அதற்குப் பிறகு நான் தேடிப் படித்தவற்றையும் உங்களுக்குச் சொல்கிறேன். ஏனென்றால் தங்கச்சியின் காணியில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தப் பாறைத்தட்டிலேதான் பதில் இருந்தது.

முதலில் ஒரு கேள்வி. அந்த இடம் ஏன் இப்படி வறண்டு கிடக்கிறது? மழை இல்லையா என்றால், இருக்கிறது. நக்கிள்ஸ் மலையின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்யும். கிழக்குச் சரிவில் அதில் பாதி அளவு. அந்தப் பாதிகூட வன்னியில் பெய்யும் மழையைவிட அதிகம். ஆனால் பிட்டவலவில் பெய்யும் மழையைப் பிடித்து வைக்க மண் இல்லை. புல்லுக்கு அடியில் கொஞ்சம் மண், அதற்குக் கீழே பாறை. பெய்த தண்ணீர் சரிவில் ஓடிப் பள்ளத்தாக்கில் விழுந்துவிடுகிறது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மலையைத் தாண்டி வரும் காற்று ஈரத்தை மேற்கிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த காற்றாக வீசுகிறது. மிச்சமிருக்கும் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஆகவே சகோதரிகளே, வறட்சி என்பது வானத்தை மட்டும் பொறுத்ததல்ல. நிலம் எவ்வளவு பிடித்து வைக்கிறது என்பதையும் பொறுத்தது.

அப்படியானால் அந்தப் பாறையில் புல் எப்படி வந்தது? குனிந்து பார்த்தால் தெரியும். பாறைமேல் சாம்பல், மஞ்சள், கறுப்பு நிறங்களில் தேமல் படர்ந்ததுபோல ஒன்று ஒட்டியிருக்கிறது. பாடசாலைப் புத்தகத்தில் இலைக்கன் என்று படித்திருப்பீர்கள். பூஞ்சணமும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பம் அது. பாறையை மிக மெதுவாக அரித்துத் துகளாக்கும் வேலையை அதுதான் தொடக்கிவைக்கிறது. காற்று கொண்டுவரும் தூசியும் செத்த இலைக்கன்களும் பாறைக் குழிகளில் சேரும். அதில் பாசி பிடிக்கும். அந்தப் பாசி மக்கி, ஒரு பிடி மண்ணாகும். அந்த ஒரு பிடி மண்ணில்தான் முதற்புல் வேரூன்றுகிறது. வேர் ஊன்றியதும் அதுவே மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த புல் அதனருகில் வருகிறது. இப்படி எத்தனையோ தலைமுறைப் புற்கள் சேர்த்துக் கொடுத்த மண்ணில்தான் நாங்கள் செருப்போடு நின்றுகொண்டிருந்தோம்.

அமெரிக்காவில் யூட்டா என்றொரு மாநிலம் இருக்கிறது. கொலராடோ பீடபூமி என்ற மிகப் பெரிய வறண்ட நிலத்தின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. ஆறுகள் அறுத்த செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே செடிகளுக்கு நடுவே வெறும் மணல்போலத் தெரியும் தரையில் ஒரு கறுப்புத் தோல் படர்ந்திருக்கும். இலைக்கன், பாசி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து மணலைத் தைத்து வைத்திருக்கும் தோல் அது. ஒருவர் அதன்மேல் மிதித்தால் அது உடைந்து, மீண்டும் கட்டிவரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே பாதையை விட்டு விலகாதீர்கள் என்று அங்கே வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒன்றுமில்லை என்று தோன்றும் தரையில்தான் மிக மெதுவான வேலை நடக்கிறது என்பது உலகெங்கும் ஒன்றுதான்.

பிட்டவலவின் பாறைக் குழிகளில் மழைக்காலத்தில் நீர் தேங்கும். நக்கிள்ஸ் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பாறைத்தவளை இங்கே உண்டு. தட்டையான உடம்பு, பளிங்குபோலப் புள்ளிகள். ஈரப் பாறையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடுகள் ஆகியவற்றோடு சேர்த்து ‘இலங்கையின் மத்திய உயர்நிலங்கள்’ என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. தங்கச்சி தரிசு என்று சொன்ன நிலம் இதற்குள்தான் இருக்கிறது.

பத்தனையிலிருந்து இன்னும் கிழக்கே, இன்னும் கீழே இறங்கினால் வேறொரு கூட்டத்தைக் காணலாம். கண்டியிலிருந்து மகியங்கனைக்கு 18 வளைவுப் பாதையில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்தில் மானாப்புல் ஆளுயரத்துக்கு வளரும். புல்லின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள். அந்த மரங்களின் பெயரைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நெல்லி, கடுக்காய், தான்றி. ஆம், நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் திரிபலாவின் மூன்று சரக்குகளும் இந்த வறண்ட புல்வெளி மரங்களின் காய்கள்தான். வேங்கையும் அங்கே உண்டு. பிபிலைக்கு அப்பால் நில்கலக் காட்டில் இந்தக் கூட்டத்தை இன்னும் பெரிதாகக் காணலாம்.

இந்த மரங்கள் மட்டும் அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. பத்தனையில் அடிக்கடி தீ பிடிக்கும். மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வேட்டைக்காகக் கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சில வேளை அணைக்காத ஒரு பீடித்துண்டே போதும். நெல்லிக்கும் கடுக்காய்க்கும் தான்றிக்கும் பட்டை தடிப்பு. தீ மேலே கடந்து போனாலும் உள்ளே உயிர் இருக்கும். தண்டு கருகினாலும் வேரடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். 1899ஆம் ஆண்டிலேயே பியர்சன் என்ற தாவரவியலாளர் இலங்கைப் பத்தனைகளைப் பற்றி விரிவாக எழுதினார். இந்தப் புல்வெளிகள் காலநிலையால் வந்தவையா, மனிதர் வைத்த தீயால் வந்தவையா என்ற விவாதம் அவருக்குப் பிறகும் நெடுங்காலம் நடந்தது.

இந்த இடத்தில் நான் சிறிது நிதானிக்க விரும்புகிறேன். எரிந்த மரம் துளிர்ப்பதைச் சொல்லி, பெண்களே நீங்களும் அப்படித்தான் என்று மேடையில் பேசுவது சுலபம். அதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆனால் பத்தனை சொல்வது அது மட்டுமல்ல. தடித்த பட்டையுள்ள பெரிய மரம் தப்பும், கன்றுகள் தப்பா. ஆண்டுதோறும் தீ வந்தால், நிற்கும் மரங்கள் கிழடாகி விழும்வரைதான் அந்தத் தோப்பு. அத்தோடு, எரிந்த தரையை அடுத்த மழை கழுவிக்கொண்டு போகிறது. எத்தனையோ ஆண்டு சேர்ந்த மண் ஒரே நாளில் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். எவ்வளவு உறுதியான மரமானாலும், அடுத்த கன்று பிழைக்க மண்ணும் அமைதியும் வேண்டும். எமக்கும் அப்படித்தான்.

விளிம்பில் அமர்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். அப்போது தங்கச்சி தன் கவலையைச் சொன்னாள். காணி 2009க்குப் பிறகு கை படாமல் கிடக்கிறது. மகள் உயர்தரம் படிக்கிறாள். உறவினர் வீட்டில் இனியும் இருக்க முடியாது. பக்கத்துக் காணிக்காரர் ஒருவர், “பற்றை மூடிக் கிடக்கு பிள்ளை. மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தினா ஒரு நாள் வேலை. இல்லாட்டி பெக்கோ விட்டு வழிக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். பெக்கோவுக்குக் காசு இல்லை. ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னர் போய்க் கொளுத்திவிடத் தீர்மானித்திருந்தாள்.

“அந்தப் பற்றைக்குள்ள என்ன நிக்குது?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை அக்கா. ஈச்சு, சூரை, ஆவாரை, எருக்கு, உண்ணிப்பற்றை. கிணத்தடியில ஒரு விளாத்தி. மூலையில அம்மா விட்டு வைச்ச பாலைமரம்.”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஏழு பெயர் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். எங்களில் மூத்தவரான பெரியம்மா ஒருவர், “பாலைப்பழம் தின்னா உதடு ஒட்டிக்கிடுமே, அதா?” என்று கேட்டார். அவரும் வவுனியாவில் சில காலம் இருந்தவர். தங்கச்சியின் முகம் மாறியது. ஆனி மாதத்து வெயிலில் கிளையை உலுக்கி, பாயில் விழும் மஞ்சள் பழத்தைப் பொறுக்கிய கதையை அவள் அன்றுதான் முதன்முதலாக எங்களுக்குச் சொன்னாள். இறந்துபோன கணவனைப் பற்றியும் அன்றுதான் வாய்விட்டுப் பேசினாள்.

நம் முன்னோர் வறண்ட நிலத்துக்குப் பாலை என்றே பெயர் வைத்தார்கள். அது தனியான நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் தன்மை திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அப்படியானால் அது நிலத்தின் ஒரு நிலைமை. நிலைமை என்றால் மாறலாம். பக்குவமாகப் பார்த்தால் திரும்பியும் வரலாம்.

ஆகவே காணிக்குத் திரும்பும் எண்ணத்தில் இருக்கும் சகோதரிகளுக்குச் சில விடயங்களைச் சொல்லிவைக்கிறேன்.

முதலாவதும் முக்கியமானதும்: யுத்தம் நடந்த இடத்தில் கைவிடப்பட்ட காணிக்குள் கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று உறுதியாகத் தெரியும்வரை இறங்க வேண்டாம். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதிசெய்யுங்கள். பற்றைக்குத் தீ வைப்பது எவ்வகையிலும் ஆபத்து. மண்ணுக்குள் வெடிக்காமல் கிடக்கும் பொருள் சூட்டில் வெடிக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி அறிவியுங்கள். காணிப் பத்திரத்தையும் கையோடு கொண்டுபோய், எல்லை பற்றிக் கேளுங்கள். நீண்ட காலம் காடாய்க் கிடந்த காணிகளில் வன எல்லை பற்றிய பிணக்குகள் வடக்கில் பல இடங்களில் எழுந்திருக்கின்றன. வெட்டிய பிறகு கேட்பதைவிட வெட்டுவதற்கு முன் கேட்பது நல்லது.

இரண்டாவது: பற்றையை எதிரியாகப் பார்க்காதீர்கள். சூரை முள்ளும் ஈச்சும் மாடு வராமல் தடுக்கும் இயற்கை வேலி. அந்த முள்ளுக்குள்தான் பாலை, வீரை, வேம்புக் கன்றுகள் மாட்டின் வாய்க்குத் தப்பி வளர்கின்றன. குருவி வந்து அமர்ந்து விதை போடும் இடமும் அதுதான். எருக்கும் ஆவாரையும் வறண்ட, திறந்த நிலத்தைக் காட்டும். மருதும் நாணலும் நிற்கும் பக்கத்தில் நீர் கிட்டத்தில் இருக்கக்கூடும். ஆவாரை இலை நல்ல தழைப்பசளை. எனவே வெட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் சுற்றிப் பார்த்து, எது எங்கே நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது: எரிக்காமல் கையால் வெட்டுங்கள்; முழுவதையும் ஒரே முறையில் வெட்டாதீர்கள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் முதற்போக மரக்கறிக்கும் வேண்டிய அளவை முதலில் திறந்தால் போதும். வெட்டிய கொப்புகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போடுங்கள். மழைநீர் அதில் முட்டி நிற்கும்; மண்ணும் அங்கே தங்கும். எரித்த சாம்பலில் முதற்போகம் நன்றாகத்தான் விளையும். ஆனால் வன்னியின் செம்மண் வெறுமையாகக் கிடந்தால் மழையில் கரைந்து, வெயிலில் கல்லாகிவிடும். அடுத்த போகத்தில் அது தெரியும். எல்லையில் கிளுவை, பூவரசு, முருங்கைக் கதியால்களை மழை தொடங்கும்போது ஊன்றுங்கள். கிளுவை வறட்சியைத் தாங்கும்.

அவசரத்தில் நிலத்தை நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்டியிலேயே பாடம் இருக்கிறது. ஹந்தானை மலையில் பைன் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். பத்தனையை வெறும் நிலம் என்று எண்ணி, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைநாட்டின் பல இடங்களிலும் பைன் நட்டார்கள். வேகமாக வளர்ந்தது. ஆனால் அடியில் விழுந்து கிடக்கும் பைன் ஊசிகள் வெயில் காலத்தில் தீக்கு எண்ணெய் ஊற்றியது போலாகின்றன. பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து சிங்கராஜக் காட்டோரத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். பைன் மரங்களில் சில வரிசைகளை நீக்கி, எஞ்சியவற்றின் நிழலில் நாட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். கன்றுகள் பிடித்தன. நட்ட பிழையைக்கூடப் பிடுங்கி எறியாமல் நிழலாகப் பயன்படுத்தலாம் என்று அது காட்டியது.

மார்கழியில் தங்கச்சி வன்னியிலிருந்து தொலைபேசியில் பேசினாள். காணிக்குக் கண்ணிவெடி இல்லை என்று பிரதேச செயலகத்தில் உறுதிசெய்துகொண்டு, நான்கு பெண்களைக் கைமாற்று வேலைக்குச் சேர்த்து, கால் ஏக்கர் மட்டும் வெட்டியிருக்கிறாள். கத்தரியும் பயிற்றையும் போட்டிருக்கிறாள். கிணறு இன்னும் இறைக்கவில்லை. அதற்குக் காசு சேர வேண்டும். மகளின் பரீட்சை முடியும்வரை பிள்ளைகள் மாத்தளையில்தான். வெட்டும்போது ஈச்சம்பற்றைக்குள் முழங்கால் உயரத்தில் மூன்று பாலைக்கன்றுகள் நின்றனவாம்.

“கொளுத்தியிருந்தா தெரிஞ்சே இருக்காது அக்கா” என்றாள்.

யுத்தத்துக்குப் பிறகு எம்மிடம் உதவிகள் வந்தன. சில வேளை பெருமழையாகவே வந்தன. பாறையில் பெய்ததுபோல ஓடிப்போனவையும் பல. பிடித்து வைக்க எமக்குள் ஒரு பிடி மண் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்த சீட்டு, ஒருவர் காணிக்கு ஒருவர் போகும் கைமாற்று வேலை, மனதில் கிடப்பதைச் சொல்ல ஒரு வட்டம். இலைக்கன் தொடங்குவதுபோல இவையும் கண்ணுக்குத் தெரியாமல்தான் தொடங்கும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டைச் சுற்றி, அல்லது நீங்கள் விட்டுவந்த காணியில், யாரும் நடாமல் தானாக வளர்ந்த ஏழு செடிகளின் பெயரை எழுதி எமக்கு அனுப்புங்கள். உங்கள் ஊரில் அவற்றை எப்படி அழைப்பீர்கள், எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்பதையும் எழுதுங்கள். எழுதச் சிரமமானால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். வரும் கடிதங்களை இந்தப் பக்கத்திலேயே பகிர்ந்துகொள்வோம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.